மஞ்சள் பட்டையை அமுக்கியது நான்

நவ. 12
விடியற்காலையிலிருந்து மழை. பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் கம்பெனி பஸ் அரைமணி லேட். வெள்ளிக்கிழமை ஆடிட். மூன்று ஃபைல் பாக்கி. குடை பஸ்ஸிலேயே போச்சு.

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்குப் புதுப் பெண். இசக்கி. திருநெல்வேலிப் பக்கம், சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் வாசம். கம்ப்யூட்டரில் ஷிப்ட் ஷீட் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

"மேல மஞ்சப் பட்டை வரும். அமுக்கு. அப்பத்தான் ஷீட்டு வேலை செய்யும்."

"அது என்னத்துக்குக்கா?"

"கேள்வி கேக்காத, அமுக்கு."

சரியான வாயாடி. ஆறு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

நவ. 13
மழை விடவில்லை.

காலையில் சப்ளையர் பெயரில் மெயில். ஆடிட் பட்டியல் என்று ஒரு வேர்டு ஃபைல். திறந்தால் எழுத்தெல்லாம் மங்கல், மேலே மஞ்சள் பட்டை. விரல் தானாகப் போய் அமுக்கிவிட்டது.

இசக்கி எட்டிப் பார்த்தாள். "ஏக்கா, வெறும் எழுத்தப் படிக்கதுக்கு எதுக்கு அனுமதி கேக்கு?" நான் வாய் திறப்பதற்குள் மேசைக்கு அடியில் புகுந்து நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

"இன்னாடி பண்ணிட்ட!"

திரையில் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பெயர் மாறின. ஒன்றும் திறக்கவில்லை.

ஐ.டி.காரர் வந்து பார்த்தார். "வெறும் லெட்டருதானன்னு நெனச்சிக்கினு இருப்பீங்க. உள்ள புரோகிராம் ஒளிஞ்சினு இருக்கும்மா. பட்டைய அமுக்கினா அது ஓட ஆரம்பிச்சிடும். ஒயரப் புடுங்கலன்னா எல்லா கம்ப்யூட்டருக்கும் பரவி ஃபேக்டரி லைனே நின்னிருக்கும்."

வந்து ரெண்டு நாள்கூட முழுசாக ஆகவில்லை. என்ன மூளை அவளுக்கு!

இந்த மாதம்தான் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். ஆண்டவரே, அமுக்கியது நான். வேலை போய்விடும்.

நவ. 14
தூறல். பதினோரு மணிக்கு மீட்டிங்.

"யாரும்மா அமுக்கினது?" மேனேஜர்.

எழுந்தேன். "நான்தான் சார்."

"ஆறு வருஷ சர்வீஸு. இதுகூடவா தெரியாது? உன்ன வெச்சிக்கினு எப்டி ஓட்றது?"

இசக்கி எழுந்தாள். கையில் ஒரு தாள். ஷிப்ட் ஷீட்டை எப்படித் திறப்பது என்று சுவரில் ஒட்டியிருந்த வேலைமுறைத் தாள். எப்போது கழற்றினாளோ. சத்தமாக வாசித்தாள்: "ஒன்று. மஞ்சள் பட்டை வந்தால் உடனே அமுக்கவும்."

நிமிர்ந்து பார்த்தாள். "தெனமும் எல்லாரும் அமுக்குதோம், சார். கீழ கையெழுத்து ஒங்களுது."

மேனேஜர் தாளை வாங்கிப் பார்த்தார். ஐ.டி.காரரிடம், "மொதல்ல அந்த ஷிப்ட் ஷீட்ட பட்டை வராத மாரி மாத்துங்க." என்னிடம், "உக்காரும்மா. நாளைக்கு ஆடிட் இருக்கு, சீக்கிரம் வந்துடு."

வேலைக்கு வந்து மூன்றே நாள். பயமே இல்லை அவளுக்கு. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.