நாற்பது வினாடி

இன்று காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனை எடுத்துத் தோளில் போட்டபோது உன் ஞாபகம் மூக்கில் ஏறியது. பத்துப் பேரின் வியர்வை ஊறிய ரெக்சின் நாற்றம்தான், வேறொன்றுமில்லை. உள்பக்கம் நீ ஒட்டிய பிளாஸ்டர் பட்டை இன்னும் இருக்கிறது. நீல மையில் உன் கோணல் எழுத்து: "மடிக்காதே, உடையும்."

அந்தப் பட்டை வந்த கதையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தியேட்டர் அக்கா நான்கு ஏப்ரன்களையும் அழகாக மடித்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். நீ வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய்.

"அக்கா, இது என்ன உங்க கல்யாணப் பட்டுச்சேலையா, மடிச்சு வைக்க?"

"தொங்கப்போட்டா அசிங்கமா இருக்காதா, பெரியவங்க வர்ற நேரத்துல?"

நீ ஏப்ரனை விரித்து எக்ஸ்ரே இயந்திரத்தின் அடியில் வைத்துப் படம் காட்டினாய். இப்படி ஒவ்வொரு தடவையும் மடித்த இடமெல்லாம் ஈயம் விரிசல் விட்டுத் திரையில் கோடு கோடாகத் தெரிந்தது. அத்தனை வருடமும் அதையே கட்டிக்கொண்டு நின்ற அக்கா தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் மலைக்கோட்டைக்குக் கீழே ஏதோ ஒரு சந்தில் இரும்புக் குழாய் வாங்கி, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாய். கண்டக்டரோடு சண்டை வேறு. "இது லக்கேஜ் இல்லண்ணே, இது என் பாடிகார்டு" என்றாயாம். விரிசல் விட்டவற்றுக்குப் பதில் புது ஏப்ரன்கள் வந்ததும் உள்பக்கம் அந்தப் பட்டையை ஒட்டினாய். அந்தக் குழாயில்தான் அவை இன்றும் தொங்குகின்றன.

நாம் ஒன்றாக டிப்ளமோ படித்தோம், ஒரே அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் சேர்ந்தோம். வேலை முடிந்தால் நான் தென்னூருக்கு, நீ ஸ்ரீரங்கத்துக்கு. சத்திரம் பஸ் நிலையத்தில் உன் பஸ் வரும்வரை நான் உலகத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன். நீ சுண்டல் தின்றுகொண்டே கேட்பாய். "நீ கத்திட்டுப் போயிடுவ. நான் அங்கேயே நின்னு வேண்டியத வாங்கிட்டு வருவேன்" என்பாய். அது உண்மைதான் என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல் உண்டு.

தர்ஷினி வந்த நாளிலும் அப்படித்தான். ஐந்து வயது, சிறுநீரகத்தில் கல். லால்குடிப் பக்கத்துக் கிராமம், அப்பா வாழைத்தார் ஏற்றுபவர். அவள் அம்மா மஞ்சள் பையிலிருந்து சி.டி. ஸ்கேன் படங்களை எடுத்து வைத்தாள். மூன்று இடம், மூன்று ஸ்கேன், ஒரே கல்.

"போன எடத்துலயெல்லாம் புதுசா எடுக்கணும்னாங்க மேடம். படிச்சவங்க சொல்றப்ப நாங்க என்னத்தக் கண்டோம்?"

நான் அந்த மூன்று இடத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பழைய படத்தைப் பிரித்துப் பார்க்கச் சோம்பல்பட்டவர்களுக்காக ஒரு குழந்தை மூன்று தடவை கதிர் வாங்கியிருக்கிறாள். நீ குனிந்து அவளிடம் பேசிக்கொண்டிருந்தாய். அவள் உன்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "நான் கல்லே திங்கல அக்கா. தம்பிதான் மண்ணு திம்பான்."

முதுகில் சின்னத் துளை போட்டுச் சிறுநீரகத்துக்குள் போய்க் கல்லை உடைத்து எடுக்க வேண்டும். ஊசி சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டும். நம் தியேட்டரில் அந்தக் கண் எக்ஸ்ரேதான். பெடலை மிதித்தால் திரையில் படம் ஓடும், மிதிக்கும் நேரமெல்லாம் குழந்தை உடம்பில் கதிர் பாயும். "நமக்கு ஏப்ரன் இருக்கு, அதுக்குத் தோல்தான் இருக்கு" என்பாய். அதனால்தான் குழந்தைகள் வரும் நாளில் பெடலை உன் காலடியிலேயே வைத்துக்கொள்வாய். டாக்டர் "ஷாட்" என்றால் மிதித்து, வினாடிகளை வாய்விட்டு எண்ணுவாய். எண்ணிக்கை காதில் விழுந்தால் பெரிய டாக்டர்கள்கூடச் சிக்கனமாக இருப்பார்கள் என்பது உன் கணக்கு. முடிந்ததும் பழுப்பு அட்டை போட்ட நோட்டில் எழுதுவாய். குழந்தை பெயர், எடை, வினாடி.

கதிரே இல்லாத கண் ஒன்றும் இருந்தது, அல்ட்ராசவுண்ட். பெரிய டாக்டருக்கு அதில் ஊசி போடத் தெரியும். ஆனால் அந்த இயந்திரம் கீழ்த்தளத்தில், கர்ப்பிணிகள் ஸ்கேன் அறையில் பூட்டிக் கிடந்தது. ஆபீஸ் அண்ணன் சாவியைத் தரவில்லை.

"ரூம் மாத்துனா சீல் வச்சிருவாங்கம்மா. பொம்பளப் புள்ளையா ஆம்பளப் புள்ளையான்னு பாக்குறோம்னு கேஸ் போடுவாங்க."

பெண் சிசுவைக் காப்பாற்ற வந்த சட்டத்தைக் காட்டி ஒரு பெண் குழந்தைக்கு இயந்திரத்தை மறுத்தார்கள். நான் கத்திவிட்டு வந்தேன். நீ அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தாய். அதே ஆஸ்பத்திரிக்குள், அங்கேயே படுத்திருக்கும் நோயாளிக்கு எடுத்துப் போகத் தடையில்லை என்று காட்டினாய். தியேட்டரின் பெயரையும் பதிவுப் படிவத்தில் சேர்க்க எழுதிக் கொடுத்து, கையெழுத்துக்காக எட்டு நாள் அந்த ஆபீஸ் மேசையின் முன் நின்றாய். ஒன்பதாம் நாள் இயந்திரம் லிஃப்டில் ஏறியது. அன்றைக்கே உனக்குக் காய்ச்சலும் ஏறியது.

தர்ஷினியின் ஆபரேஷன் அன்று நீ காய்ச்சல் வார்டில் இருந்தாய். உன் இடத்தில் நான். அல்ட்ராசவுண்டைப் பார்த்தே ஊசி போட்டார் பெரிய டாக்டர். இரண்டாவது முயற்சியில் ஊசி முனையில் சிறுநீர் சொட்டியது, அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் துளையைப் பெரிதாக்கும்போது அவருக்குப் பழைய கண்தான் வேண்டியிருந்தது. பெடலைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று.

"என்னம்மா, ஏலம் விடறியா?"

அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். பஸ் நிலையத்தில் உலகத்தையே திட்டுகிறவள், ஒரு கேலிக்கு அடங்கிப்போனேன். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் மிதித்தார் என்று எனக்குத் தெரியாது. இயந்திரம் தானாகக் கணக்கு வைத்திருக்கும். கடைசியில் அதைப் பார்க்காமலே அணைத்தேன். பார்த்தால் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

கல் முழுதும் வந்துவிட்டது. நோட்டோடு உன் கட்டிலுக்கு வந்தேன். உதடு வெடித்துக் கிடந்தாய்.

"எவ்வளவுடி வந்துச்சு?"

"நாப்பது செகண்ட்."

"பொய் சொல்லாத."

"நெசமாடி."

"அப்ப நோட்டுல எழுதிரு, மறந்துருவ" என்று சிரித்தாய். உன் கண் முன்னால் 40 என்று எழுதினேன். உன்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னேன் என்று பின்னால் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது காரணமில்லை. வெட்கம்.

மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். டெங்கு. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம் ஓடும் ஊரில், உன் தெருவில் யாரோ பாதியில் விட்ட கட்டடத்தின் தொட்டியில் தேங்கிய முழங்கால் தண்ணீர் உன்னைக் கொன்றது. தெருக்காரர்கள் எத்தனையோ முறை மனு கொடுத்திருந்தார்கள். நீ போன அடுத்த வாரம் கொசு மருந்து அடிக்க வந்தார்கள்.

என் பொய் மட்டும் நன்றாக வளர்ந்தது. "அந்தப் பொண்ணு போராடி, நாற்பது செகண்டுல முடிச்ச கேஸ்" என்று பெரிய டாக்டரே புதிய டாக்டர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். எத்தனை நேரம் மிதித்தோம் என்று அவருக்கும் நினைவில்லை. கேட்டவர்கள் பெடலைக் குறைத்தார்கள். பொய்யானாலும் நல்லதுதானே செய்கிறது என்று இரண்டு வருடம் சும்மா இருந்தேன்.

இன்று மேசையில் நான்கு வயதுப் பையன். ஊசியை அல்ட்ராசவுண்டில் போட்டாயிற்று. பெடல் என் காலடியில் இருந்தது, இப்போது யாரையும் இழுக்க விடுவதில்லை. இளம் டாக்டர் ஊசி வழியாக விட்ட கம்பியின் மேல், துளையைப் பெரிதாக்கும் குழாயை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

"போதும், இனி ஷாட் வேணாம். அந்தப் பழைய கேஸை அவங்க நாற்பதுல முடிச்சிருக்காங்க" என்றார். திரையில் படம் பார்க்காமலே குழாயை இன்னும் உள்ளே தள்ளக் கை போனது.

"சார், நிறுத்துங்க. அந்த நாற்பது பொய்."

தியேட்டரே என்னைப் பார்த்தது.

"அன்னைக்கு நான் எண்ணவே இல்ல சார். நானா எழுதினது. பாத்துட்டுத் தள்ளுங்க."

அவர் கை நின்றது. பிறகு மெதுவாக, "ஷாட்" என்றார். மிதித்தேன். குழாயின் முனை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது. இன்னும் தள்ளியிருந்தால் சிறுநீரகத்தின் அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கும். அவர் நெற்றி வியர்க்கக் குழாயைப் பின்னால் இழுத்தார். அதன் பிறகு பார்க்க வேண்டிய இடத்திலெல்லாம் பார்த்தார், நான் விடாமல் எண்ணினேன். கல் வந்துவிட்டது. பையனின் முதுகில் கட்டுப் போட்டார்கள்.

எல்லோரும் போன பின் அக்கா என் ஏப்ரனை வாங்கி உன் இரும்புக் குழாயில் தொங்கவிட்டாள்.

"அவ இருந்திருந்தா ஒன்ன நாலு அறை விட்டுருப்பா."

"ஆமாக்கா."

"அப்புறம் கூட்டிட்டுப் போயி டீயும் வாங்கிக் குடுத்திருப்பா."



போன மாதம் தர்ஷினி சோதனைக்கு வந்தாள். அல்ட்ராசவுண்டில்தான் பார்த்தோம், கல் இல்லை. முன்பல் இரண்டும் இல்லை. உன்னைக் கேட்டாள். ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். அதுவும் பொய்தான். அடுத்த தடவை வரும்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

உன் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. தர்ஷினியின் வரியில் இருந்த 40-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் "எண்ணவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே இன்றைய பையனின் பெயர், பதினாலு கிலோ, ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. நீ முகம் சுளிப்பாய். ஆனால் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினேன்டி.