வித்தியாதரிசி வரும் நாளில் பரவும் காய்ச்சல்

அனுப்புபவர்:
சி. மங்களேஸ்வரி,
சிரேஷ்ட வகுப்பு, வாணி ஆங்கிலக் கலவன் பாடசாலை,
(இருப்பிடம்: சிவசாமி மிளகுக் கடை மேல்மாடி, ஸ்டேஷன் ரோடு)
உக்குவளை.

பெறுபவர்:
கனம் வித்தியாதரிசி (பாடசாலைப் பரிசோதகர்) அவர்கள்,
கண்டி.

விஷயம்: லண்டன் மெட்ரிக்குலேஷன் பரீட்சை எழுதவும், நேர்ந்தால் அதில் தவறவும் அனுமதி கோருதல், தங்கள் வருகையின்போது எங்கள் பாடசாலையில் உண்டாகும் காய்ச்சல் பற்றி முறையிடுதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. மேற்படி பாடசாலையில் கடைசி வருஷம் படிக்கும் பதினேழு வயது மாணவியாகிய நான் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. ஆங்கிலப் பாடசாலைப் பிள்ளை தமிழில் மனு எழுதுவானேன் என்று தாங்கள் நினைக்கலாம். தபாலில் சேர்க்குமுன் என் தகப்பனார் இதை வாசித்தாக வேண்டும் என்பது வீட்டு நிபந்தனை. அவருக்குத் தமிழும், கடைக்கு வேண்டிய அளவு சிங்களமும் மாத்திரமே தெரியும். மேலும் ஆங்கிலத்தில் எழுதி, அது எங்கள் தலைமையாசிரியர் கையில் அகப்பட்டால், முறைப்பாட்டை விட்டுவிட்டுச் சிவப்பு மையால் திருத்தத் தொடங்கிவிடுவார்.

2. ஜனவரியில் பாடசாலை தொடங்கியதும் தலைமையாசிரியர் திரு. சண்முகராஜா அவர்கள் எங்கள் வகுப்புக்கு வந்தார். இவ்வருஷம் மேற்கணிதமும் லத்தீனும் எடுத்து மெட்ரிக்குலேஷன் எழுதுவதா, அல்லது பரீட்சைத் தொல்லையின்றித் தையலும் கடிதம் எழுதுதலும் படித்து நற்சான்றுடன் வீட்டுக்குப் போவதா என்பதை ஒரு வாரம் நன்றாக யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். யோசிக்கச் சொன்னதை நான் நிஜமென்று நம்பிவிட்டேன். மற்றவர்களுக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை. அவர்கள் மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

3. நான் யோசித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் என் தாயார் அழகாயி அவர்களிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அல்ஜிப்ராவத் தாளிச்சு ரசமா வைக்கப்போறே? போற எடத்துல மாமியாக்காரி லத்தீன்லயா ஏசுவா?" அடுத்து, எங்கள் வகுப்பில் முதலாவதாக வரும் நுஹ்மானைக் கேட்டேன். அவன், "எழுதுறவங்க எழுதட்டும், நான் வாப்பாட புடவைக் கடைக்குப் போறேன்" என்றான். அவனுக்குப் படிப்பு எவ்வளவு சுலபமாக வருமோ அவ்வளவு சுலபமாக அதை விடவும் வரும். கடைசியில் நானே ஒரு பரிசோதனை செய்தேன். கணிதப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அது இல்லாமல் இருக்க முடிகிறதா என்று பார்த்தேன். சில நாள் முடிந்தது. பிறகு ஒரு மத்தியானம், வெண்கட்டியால் எங்கள் கடை மிளகு மூட்டையின் மேல் ஒரு சமன்பாட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். விடை பிழை. எங்கே பிழைத்தது என்று தேடியதில் சோறு ஆறிப்போனது, தாயாரிடம் வசவும் கிடைத்தது. பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். யோசனை அத்துடன் முடிந்தது.

4. தகப்பனார் சிவசாமி அவர்கள் கோபக்காரர் அல்ல. ஆனால் எதிலும் பேரம் பேசுவார். அவர் சொன்னது: "ஒரு தரம் எழுது. பாஸ் பண்ணுனா டீச்சர் ட்ரெயினிங்குக்கு அனுப்புறேன். இல்லேன்னா வார தையில மாத்தளை இரும்புக் கடைக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன், பொறகு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது." இரும்புக் கடை மாப்பிள்ளையை நான் ஒருமுறை தூரத்தில் பார்த்திருக்கிறேன். அவர்மேல் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அவருக்கும் என்மேல் இருக்க நியாயமில்லை, ஏனென்றால் அவர் அன்று ஒரு தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேரம் நியாயமானது என்று ஒப்புக்கொண்டேன். இந்தப் பேரத்தில் ஒரு ஓட்டை இருப்பதை அப்போது நானும் கவனிக்கவில்லை, தகப்பனாரும் கவனிக்கவில்லை.

5. குறித்த நாளில் எழுந்து நின்று, மெட்ரிக்குலேஷன் எழுத விரும்புவதாகச் சொன்னேன். தலைமையாசிரியர் மிகவும் அன்பாகச் சிரித்தார். "நீ நல்ல பிள்ளைம்மா. ஒன்னால ஸ்கூல் பேரு கெடலாமா?" என்று கேட்டார். பிறகு தையல் வகுப்புக்கு எந்த நிற நூல் வாங்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். நுஹ்மான் எழுந்து, தனக்குப் பரீட்சை வேண்டாம் என்றான். அவனையும் உட்காரச் சொல்லி, அவன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். வேண்டும் என்றவளுக்கு இல்லை, வேண்டாம் என்றவனுக்கு உண்டு. இதற்கு ஒரு வார யோசனை எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

6. எங்கள் பாடசாலை வாசலில் ஒரு பலகை தொங்குவதைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஆறு வருஷமாகப் பரீட்சை எழுதிய அனைவரும் சித்தி என்று அதில் பொன் எழுத்தில் இருக்கிறது. அது முழு உண்மை. தவறக்கூடும் என்று சந்தேகம் வருகிற ஒருவரையும் எழுத அனுப்பாவிட்டால் ஒருவரும் தவறமாட்டார்கள் என்பதற்கு மேற்கணிதம் தேவையில்லை. வருஷா வருஷம் எங்களைப் போன்ற சுமாரான பிள்ளைகள் சித்தியும் அடையாமல் தவறவும் செய்யாமல் வீட்டுக்குப் போகிறார்கள். தகப்பனாரின் பேரத்தில் இருந்த ஓட்டையும் இதுதான். எழுதவே விடவில்லை என்று வீட்டில் அழுதபோது அவர், "எழுதலேன்னா பாஸ் இல்ல. பாஸ் இல்லேன்னா தை மாசம்" என்று முடித்துவிட்டார்.

7. தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. எனக்கு அல்ஜிப்ரா சொல்லித் தந்தவரே அவர்தான். ஏழு வருஷத்துக்கு முன்னர் ஒரு மாணவன் தவறியபோது, பாடசாலை மேனேஜர் அவர்கள் பெற்றோர் எல்லோரும் இருக்க இவரை நிற்கவைத்துப் பேசினாராம். அன்றிலிருந்துதான் பலகையும் வந்தது, காய்ச்சலும் வந்தது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் சொல்லுவார்கள். அவரைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. அவரைத் தண்டித்தால் எனக்கு லத்தீன் சொல்லித்தர வேறு ஆளும் இல்லை.

8. காய்ச்சல் என்று குறிப்பிட்டது யாதெனில்: தாங்கள் பாடசாலையைப் பார்வையிட வருவதற்கு முதல்நாள் மாலையில், தலைமையாசிரியர் வகுப்பின் நடு வாங்குகளில் உட்கார்ந்திருக்கும் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "ஒனக்கு நாளைக்குக் காய்ச்சல்" என்று அறிவிப்பார். வைத்தியர் ஒருவராலும் இப்படி முன்கூட்டிச் சொல்ல முடியாது. மறுநாள் தாங்கள் முன்வாங்கில் கேள்வி கேட்பீர்கள், முன்வாங்கு பதில் சொல்லும், திருப்தி என்று எழுதிவிட்டுப் போவீர்கள். அதற்கு அடுத்த நாள் எங்களுக்குக் குணமாகிவிடும்.

9. சென்ற செப்டெம்பரில் தாங்கள் வந்த அன்றும் எனக்குக் காய்ச்சல். ஆகவே கடையில் தகப்பனாருக்கு உதவியாக நின்றேன். பார்வையிட்டு முடித்துக் கண்டி ரயிலுக்குப் போகும் வழியில், மழைக்கு ஒதுங்கிய தாங்கள் எங்கள் கடைக்குள் வந்து வீட்டுக்கு மிளகு கேட்டீர்கள். தங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது, எனக்கு இருக்கிறது. தகப்பனார் மூட்டையின் வாயை அவிழ்த்து, மேலாக ஒரு கை அள்ளிக் காட்டினார். தாங்கள் தலையை ஆட்டி, "மேல இருக்கிறத எல்லாரும் நல்லாத்தான் வைப்பாங்க. நடுவுல இருந்து எடுத்துக் காட்டுங்க" என்றீர்கள். மூட்டையின் பக்கவாட்டில் குத்தி உள்ளே இருக்கும் சரக்கை வெளியே எடுக்கிற குத்தூசியைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான். தாங்கள் நடுவிலிருந்து வந்த மிளகைக் கடித்துப் பார்த்து, காரம் போதும் என்று வாங்கினீர்கள். போகும்போது என்னைப் பார்த்து, "ஸ்கூலுக்குப் போகலயா?" என்று கேட்டீர்கள். "காய்ச்சலுங்க ஐயா" என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த அன்புக்கு இன்றும் நன்றியுடையேன். ஆனால் அன்று மாலை மாடியில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு ராத்தல் மிளகுக்குத் தாங்கள் செய்ததை, அன்று காலையில் எங்களுக்குச் செய்திருக்கலாம்.

10. ஆகையால் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே. பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும் தவணை இம்மாதம் முடிகிறது. அதற்குள் ஒருநாள், முன்னறிவித்தல் இல்லாமல், எங்கள் ஒருவருக்கும் காய்ச்சல் வர அவகாசம் கொடுக்காமல் தாங்கள் வரவேண்டும். வந்து நடு வாங்கில் கேள்வி கேட்க வேண்டும். என்னை எழுதவிடலாம் என்று தோன்றினால் என் பெயரைச் சேர்க்கும்படி சொல்ல வேண்டும். நுஹ்மான் விஷயத்தை அவன்தான் எழுத வேண்டும், ஆனால் சோம்பேறி, எழுதமாட்டான். அவனையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

11. நான் சித்தியடைவேன் என்று தங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. லத்தீனில் எனக்குப் பயம் உண்டு. தவறினால் தை மாதம் வாயைத் திறக்காமல் மாத்தளைக்குப் போகிறேன், இரும்புக் கடையில் கணக்கும் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நான் தவறியவள் என்பதைப் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் சொல்ல வேண்டும். நூலின் நிறத்தைச் சொல்லி ஒருவர் அதை முடித்துவிட்டார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தங்கள் வருகையை நடு வாங்கிலிருந்து எதிர்பார்க்கும்,
தங்கள் பணிவுள்ள மாணவி,
சி. மங்களேஸ்வரி

உக்குவளை,
1936 பெப்ரவரி 11.

சாட்சி: மேற்படி மனுவை வாசித்தேன். மிளகு விஷயம் உண்மை. மற்றபடி பிள்ளை என்னைப் பற்றி எழுதியிருப்பதில் சில எனக்குச் சம்மதமில்லை. அவள் பரீட்சை எழுதுவது பற்றியும் எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆனாலும் சரக்கைப் பார்க்காமல் கழிக்கிற வழக்கம் எங்கள் கடையில் இல்லை. ஐயா அவர்கள் வந்து பார்க்கும் வரையில் மாத்தளைக்காரருக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

மு. சிவசாமி,
மிளகு வியாபாரி.