செல்லாயியை இங்கே கூட்டி வாருங்கள்

சேலம்,
14-7-1938

வீட்டுக்காரருக்கு வணக்கம். சென்னியம்மாள் நர்ஸம்மாவைக் கொண்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் தணிந்ததா?

நேற்று உங்கள் தம்பி சின்னுசாமி நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். "அண்ணி, செல்லாயிக்கு மாசம் நெருங்கிருச்சு. அண்ணன் உங்களைக் கூட்டியாரச் சொன்னாருங்க" என்றார்.

"நான் வரலீங்க தம்பி" என்றேன். அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

எனக்குப் பிள்ளையில்லை என்று செல்லாயியைக் கட்டினீர்கள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. வண்டி கட்டி இங்கே கூட்டி வாருங்கள். பிரசவத்துக்கு நானே கூட இருக்கிறேன்.

வரும்போது என் கம்பளியும் கொஞ்சம் கம்பு மாவும் கொண்டு வாருங்கள். இங்கே கம்பங்களி கேட்பவர் யாருமில்லை. எனக்கு மட்டும் கிண்டிக்கொள்வேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள். பிள்ளை பிறந்ததும் நீங்கள் மூவரும் ஊருக்குப் போங்கள். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

சென்னியம்மாள்