கேப்டன் வீட்டு இழவில் செருப்பு அடுக்கிய விமானிகள்

அன்புள்ள தே-சோப்,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், அந்த அரிசோனா வெயிலில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். கடைக்குப் புது அடுப்பு வந்திருக்கிறது, எலும்புச் சாறு இறங்குவதற்குள் சூப் பொங்கிவிடுகிறது. அப்பாவுக்கு முட்டிவலி, டாக்சியை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எடுக்கிறார். நீ கேட்ட காரியத்தைப் போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் கடற்பாசிப் பொட்டலத்தோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன், முழுசாகப் படி.

கேப்டன் சொக்கின் அம்மா இறந்ததற்கு, நீ சொன்னபடியே ஆஸ்பத்திரி இழவுக்கூடத்துக்குப் போனேன். "விமானக் கம்பெனிக்குள் இருக்கிற ஒருத்தர் சிபாரிசு செய்யாவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், கேப்டன் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி, நம் வீட்டிலிருந்து யாரும் தலைகாட்டாவிட்டால் என் வேலை போச்சு" என்று அழாத குறையாகச் சொன்னாயே, அதற்காகப் போனேன். அப்பா வரவில்லை. "பிளேன் ஓட்டத் தெரியுதான்னு பாக்கமாட்டானுங்களாம், எவன் எழவுக்கு வந்தான்னு பாப்பானுங்களாம், தூ" என்று வாசலிலேயே துப்பினார். எனக்கும் அதே எண்ணம்தான், பெற்ற வயிறு கேட்கவில்லை.

அங்கே நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! லிஃப்ட் வரைக்கும் மலர் வளையம், அதன் நாடாவில் அனுப்பியவன் பேர்தான் கொட்டை எழுத்தில். விமானப்படையில் கூட இருந்தவர்கள் அனுப்பியது முன்வரிசையில், உன்னைப் போலக் கைக்காசு போட்டுப் பறக்கக் கற்றவர்கள் அனுப்பியது கழிப்பறைப் பக்கம். உன் பேரையும் அங்கேதான் பார்த்தேன். உள்ளே நுழைகிற இடத்தில் உன் வயசுப் பிள்ளைகள், எல்லாரும் லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலைக்கு அலைகிறவர்களாம், வந்தவர்கள் கழற்றிப்போட்ட ஷூக்களைப் போகும்போது கால் நுழைக்க வாகாக முனையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தன் யாரோ சீனியருடைய ஷூவைச் சட்டைக் கையால் துடைக்கிறான், இன்னொருத்தன் நான் துடைக்கிறேன் என்று அதைப் பிடுங்குகிறான். விமானம் ஏறுகிற சனம் இதைப் பார்த்தால் பஸ்ஸிலேயே போய்விடும். மானங்கெட்டதுகள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உன் கேப்டன் அண்ணன் இருக்கிறாரே, துக்கத்துக்குக் கட்டுகிற கைப்பட்டையில் இருக்கும் கோட்டைக்கூடச் சீருடைக் கோடு மாதிரி விறைப்பாகக் காட்டிக்கொண்டு, எவன் வந்தான் எவன் வரவில்லை என்று கண்ணாலேயே பேர் எடுத்துக்கொண்டிருந்தார். படத்தில் இருந்த அந்தக் கிழவிதான் பாவம், அவளை மட்டும் மனசார விழுந்து கும்பிட்டேன். பிறகு அவருக்கும் வணங்கி, தே-சோப்புடைய அம்மா என்றேன். முழித்தார். "எந்தத் தே-சோப்?" என்றார். அரிசோனாவில் இருக்கிறானே என்று இழுத்ததும் முகம் மலர்ந்து, "ஓ, அந்தக் கோல்ஃப் அடிக்கிற பையனா! போன தடவை என்னையே ஜெயிச்சுட்டான்மா. கம்பெனில நான் சொல்றேன், நீங்க நிம்மதியாப் போங்க" என்றார்.

நீ கோல்ஃப் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லையே, தே-சோப். அண்ணனுக்குத் தம்பி யாரென்றே தெரியவில்லை. அந்த இடத்தில் உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? "ஆமாங்க கேப்டன், அவனேதாங்க, அவனுக்குக் கோல்ஃப்னா உசுருங்க" என்று அந்தப் பிள்ளைகளைவிடக் கீழே குனிந்து சொன்னாள். அந்தக் கோல்ஃப் பையன் எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, அவனுக்குப் போகவேண்டிய சிபாரிசை உனக்குத் திருடிக்கொண்டு வந்திருக்கிறேன். செருப்பு அடுக்கிய அந்தப் பிள்ளைகளைக் காறித் துப்ப எனக்கு இனி வாய் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. பக்கத்தில் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிற இடம் இருந்தால் இந்த வாரமே போய்ச் சேர். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சேர். நீ நன்றாக இருக்கவேண்டும், ஏறுகிற ஒவ்வொரு தடவையும் பத்திரமாக இறங்கவேண்டும், அம்மாவுக்கு வேறு ஆசை இல்லை. அப்பா கேட்டதற்கு, கேப்டன் உன்னைப் பெத்த பிள்ளை மாதிரி விசாரித்தார் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா