நடுவில் போன பெரிய டாக்டருக்கு

ஐயா, சற்றுமுன் நர்சம்மா ஒருத்தி தட்டில் காயம் துடைக்கிற அந்தப் பழுப்பு மருந்தோடு என்னைக் கடந்து போனாள். அந்த நெடியில் நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள். எழுதத் தெரியாத நான் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து மருமகள் எழுதுகிறாள். உள்ளே என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் ஆபரேஷன்.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரியில் மிஷின் கத்தி என் மணிக்கட்டை அறுத்தபோது இதே வேலூர் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிவந்தார்கள். அக்குளில் ஊசி போட்டுக் கையை மரக்க வைத்தீர்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் உங்களுக்கும் ஒரு டாக்டரம்மாவுக்கும் சண்டை, கற்றுக்கொள்ள வந்த டாக்டர் பையன் என் கையைத் தைக்கலாமா என்று.

"ஆட்டுக்கால்ல தைச்சுப் பழகட்டும் சார். அப்புறம் மனுஷன்கிட்ட வரட்டும்."

"ஆட்டுக்கு வலிக்காதும்மா. மனுஷன் கையின்னாதான் பயம் வரும். பயம் இருந்தாதான் நிதானம் வரும்."

"சார், கைதான் மரத்துப்போச்சு. காது நல்லாவே கேக்குது" என்றேன்.

சிரித்தீர்கள். "நான் பக்கத்துலயே நிக்கிறேன்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பையனிடம் ஊசியைக் கொடுத்தீர்கள். பாதியில் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டீர்கள்.

கட்டுப் பிரித்ததும் சுட்டுவிரலை மடக்கச் சொன்னீர்கள். நடுவிரல் மடங்கியது. நீங்கள் இல்லாத நேரத்தில் பையன் விரலை இழுக்கிற நார்களை மாற்றித் தைத்திருந்தான். திரும்ப அறுத்துச் சரிசெய்கிறேன் என்றீர்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. டேனரியில் கேலி வேறு: "இன்னாண்ணே, தம்பியக் கூப்ட்டா அண்ணன் வர்றாரு?"

அப்புறம் புதிதாக வந்த டாக்டர்களுக்கெல்லாம் என் கையைக் காட்டினீர்கள். "தப்பு பையனோடது இல்ல, நான் நகர்ந்தது" என்பீர்கள். ஒருநாள் அந்த டாக்டரம்மா நேருக்கு நேராகவே சொன்னார்: "ஆட்டுக்காலா இருந்தா குப்பையில போட்டிருக்கலாம் சார். இவர் இந்தக் கையாலதான சோறு தின்னணும்?"

உங்களை அடக்கம் செய்த அன்று வந்து அழுதேன். கோபம் மட்டும் அடங்கவில்லை.

இன்று காலை ஒரு சின்னப் பெண் வீட்டுக்காரியின் கட்டிலருகே வந்தாள். இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற டாக்டர்தானாம். ஆபரேஷனைத் தான் செய்யப்போவதாகவும், இப்போதுள்ள பெரிய டாக்டர் கூடவே நிற்பார் என்றும் சொன்னாள்.

"பெரியவர் நடுவுல போய்ட்டா இன்னா பண்ணுவ?" என்றேன்.

"அவர் வர்ற வரைக்கும் கையை நிறுத்திடுவேன் தாத்தா."

நீங்களும் அந்த டாக்டரம்மாவும் ஆடா மனுஷனா என்று அப்படிச் சண்டை போட்டீர்களே ஐயா, இந்த ஒரு வார்த்தையை அந்தப் பையனுக்கு இரண்டு பேரில் ஒருவர்கூடச் சொல்லித்தரவில்லையே.

வீட்டுக்காரி என் விரல்களையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, "செய்யட்டும்" என்றாள்.

உள்ளே கொண்டுபோய் வெகுநேரமாகிறது. மருமகள் காப்பி குடித்துவிட்டு வரலாம் என்கிறாள். நான் எழுந்திருக்கவில்லை. பெரிய டாக்டர் நடுவில் வெளியே வருகிறாரா என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.