கற்பூரவள்ளியும் மலைக்கோழியும்

மொன்றியல்,
ஏப்ரல் 14

அன்பு மகள் வித்தியாவுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். உன் சுகத்தை உன்னிடம் கேட்டறிவதுதான் முறை, ஆனால் நீ எட்டு நாளாக எல்லாம் ஓகே அம்மா என்று மட்டும் அனுப்பியபடியால் அங்கே வந்து திரும்பிய அன்டன் அண்ணையிடம்தான் அறியவேண்டி வந்தது. பிந்தி எழுதுகிறேன், கோபிக்காதே. நீ தமிழை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நம்புகிறேன்.

டொமினிக்காத் தீவில் பிள்ளை நிற்கிறது என்றால் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் சனம் மருத்துவம் படிக்கிறது என்றுதான் நினைக்கும். அன்டன் அண்ணையின் மகன் அங்கே அதைத்தான் படிக்கிறான். நானும் திருத்தப் போகவில்லை, காட்டில் தவளை எண்ணுகிறாள் என்று கோயிலில் எப்படிச் சொல்வது. இருபது வயதில் உன்னைப் பெற்று, கார்டெரி என்ற பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நான் கல்லூரியில் உயிரியல் படித்தபோது தவளையை வெட்டினால்தான் புள்ளி. நீ அதைக் காப்பாற்றப் போனாய், போன இடத்தில் தொலைபேசியில் இரண்டு தரம் இருமினாய். உடனே கற்பூரவள்ளியை மண்ணோடு பிடுங்கி யோகட் டப்பாவில் வைத்து, மகனைப் பார்க்கப் போன அன்டன் அண்ணையின் பெட்டிக்குள் திணித்தேன்.

நீ காட்டில் நின்ற நேரம் அவர் அதைத் தவளைக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, வாடப்போகுதென்று ஒரு வாளி தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்தாராம். சனம் கோழியைப்போல் தின்றும் நோயில் செத்தும் மிஞ்சிய மலைக்கோழித் தவளைகள் அந்தக் கூட்டுக்குள்தான் என்றும், வெளிமண்ணில் அவற்றைக் கொல்லும் பூஞ்சணம் வரலாம் என்றும், அதற்காக நீங்கள் சப்பாத்தைக்கூட மருந்தில் கழுவுகிறீர்கள் என்றும் எனக்குப் பிறகுதான் தெரியும். பொறுப்பாளர் மாக்கிரட் கேட்க, நான்தான் வரவழைத்தேன் என்றாயாம். உன்னைத் திருப்பி அனுப்புவதா என்று வெள்ளிக்கிழமை முடிவெடுப்பார்களாம். அன்டன் அண்ணையோ, தங்கச்சி, அங்கை வேலியோரம் முழுக்க உதுதான் நிக்குது, மீனுக்குப் போட்டுச் சமைக்கினம் என்று சிரிக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், கேட்டவுடன் எனக்கு வயிறு குளிர்ந்தது. அனுப்பட்டும் என்று உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். இங்கே மேற்குக் கரையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் நீ படித்த கல்லூரியிலேயே வேலை கேட்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன், அந்தத் தூரத்துக்கே அழுதவள் நான். அவர் கோப்பையிலிருந்து தலை நிமிராமல், பிள்ளை உனக்காகப் பொய் சொல்லியிருக்கு, நீ அதுக்காக ஒரு உண்மை சொல்லமாட்டியோ என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேசிய ஆக நீளமான வசனம் அது.

இன்று காலை மாக்கிரட்டுக்கு மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். மகளுக்கு ஒன்றும் தெரியாது, அனுப்பியது நான், காரணம் இரண்டு இருமல் என்று. நான் உயிரியல் படித்தவள் என்பதையும் மறைக்கவில்லை, அதனால் என் குற்றம் இன்னும் பெரிதாகத்தான் தெரியும், தெரியட்டும்.

அம்மாளாச்சி உனக்குத் துணை நிற்பாள். மழையில் நனைந்தால் தலையைத் துடை. வெள்ளிக்கிழமை முடிவை முதலில் எனக்குச் சொல், உன்னை அங்கேயே இருக்கச் சொன்னால், நீயில்லாமல் அம்மா தவிப்பாள் என்று யோசித்து, தவளைகளை எண்ணி முடிக்காமல் இங்கே வந்து நிற்காதே.

உன் அம்மா,
சிவமலர்