துப்பாக்கிக்குப் பெயர்த்தகடு

ஓகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. கிணற்றடி வாழை இலையெல்லாம் நார்நாராய்க் கிழிந்து. பந்தலில் கறுப்பு முந்திரிகைக் (திராட்சை) குலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. மூன்றாம் வரிசை நேற்றைக்கும் இன்றைக்கும் நல்ல வித்தியாசம். வெட்டுக்கு இன்னும் மூன்று கிழமை.

கிளிகளுக்கும் அது தெரியும். காலை ஆறரைக்குப் பன்னிரண்டு கிளி. சங்கத்துத் துப்பாக்கியின் குழலை மடித்து, ஈயக்குண்டு வைத்து, குறி பார்த்து இழுத்தேன். டப்பா மூடி திறந்ததுபோல ஒரு சத்தம். குண்டு என் செருப்புக்கு நாலடி முன்னால் விழுந்தது. கிளி தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. பிறகு சாப்பிட்டது.

இந்தக் காற்றுத் துப்பாக்கி எங்கள் முந்திரிகைச் செய்கையாளர் சங்கத்தின் பொதுச் சொத்து. பதினொரு வீடு, ஒரு துப்பாக்கி, முறை வைத்து. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு எண்ணெய் விட்டார்கள். தையல் மெசின் எண்ணெய், தேங்காயெண்ணெய், யாரோ ஒரு புண்ணியவான் நல்லெண்ணெய். எண்ணெய் விட வேண்டாம் என்று செயலாளர் என்ற முறையில் மூன்று கூட்டத்தில் சொன்னேன். மூன்று முறையும் அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி வந்தது.

போன போகம் பாதி போனது. தம்பி மானிப்பாயிலிருந்து வந்து பார்த்துவிட்டு, பந்தலைப் பிரித்துக் காணியை விற்போம் என்றான். இந்தப் போகமும் போனால் விற்கலாம் என்று நானே வாக்குக் கொடுத்துவிட்டேன். யோசித்துப் பேசு, யோசித்துப் பேசு என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாய்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, மேலே இரண்டு பிடி கீரை வைத்துக்கொண்டு பஸ். பக்கத்துச் சீற்றுப் பெண்: "அக்கா, முருங்கைக்காயே?" ஓம் என்றேன்.

குருநகர். வள்ளத்து இயந்திரம் திருத்தும் மரியநாயகம். (இனி ம.நா.) கழற்றிக் கொட்டினார். ஸ்பிரிங் மூன்று துண்டு. பிஸ்டன் தலையில் இருந்த தோல் வாசர் கருகி, அப்பளப் பொரியல்போல. முகர்ந்து பார்த்தார்.

"ரீச்சர், இது துவக்கில்லை, சட்டி. ஆரோ நல்லெண்ணெய் விட்டுத் தாளிச்சிருக்கினம்."

எண்ணெய் உள்ளே பற்றி வெடித்து வெடித்துத்தான் ஸ்பிரிங் போனதாம். சிலிண்டரும் தேய்ந்துவிட்டது. புது ஸ்பிரிங் போட்டாலும் காற்று நில்லாது. "கொஞ்சம் கனமான சாமானா ஒண்டு பாருங்கோ. பதினொரு வீட்டுக்காரரின்ரை கை படுற துவக்கெண்டா சும்மாவே?"

கனமான சாமான் வந்துவிட்டது. அதுதான் எரிச்சல். ரொறன்ரோவில் இருக்கும் எங்களூர்க்காரர் குலம் காசு அனுப்பி, அனுமதிக் கடிதத்துக்கு நான் நாலு தரம் அலைந்து, போன வெள்ளிக்கிழமையே புதுத் துப்பாக்கி வாங்கியாயிற்று. தலைவர் சிவபாதம் அண்ணை வீட்டு அலுமாரியில் பூட்டி இருக்கிறது.

ஓகஸ்ட் 6, புதன்

தலைவர் வீடு. கேட்டேன். தரமாட்டாராம்.

"ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையிலை கையளிப்பு வைபவம், ரீச்சர். படமெடுத்துக் குலத்துக்கு அனுப்பவேணும். அதுக்கு முன்னம் பாவிச்சா மரியாதையில்லை."

"கிளிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமே, அண்ணை?"

"நாலு நாள்தானே. ஏன் உப்பிடிக் கோவிக்கிறியள்?"

கெஞ்சி ஒருமுறை கையில் வாங்கினேன். நல்ல பாரம். கறுப்புப் பிளாஸ்ரிக் பிடி, தடித்த உருக்குச் சிலிண்டர். குழலை மடிக்க என் முழுப் பலமும் வேண்டியிருந்தது. வேலியில் ஒரு சிரட்டை கவிழ்த்து, முப்பது அடி தள்ளி நின்று சுட்டேன். சிரட்டை இரண்டாய்ப் பிளந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வருடத்தில் இவ்வளவு சந்தோசப்பட்ட நாள் இல்லை.

தலைவர் பிடுங்கி, துணியால் என் கைரேகையைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்தார். என் கைரேகையை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காற்று குறையவில்லை. பந்தலுக்குள் நின்று கிளி விரட்டத் தகரம் அடிக்கிறேன். காலை ஒன்றரை மணி நேரம், பின்னேரம் ஒன்றரை. வலது தோள்மூட்டு வீக்கம். போன போகம் குருநகரிலிருந்து பழைய மீன் வலை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அணில் ஒரு கிழமையில் வாசல் வெட்டிவிட்டது.

போனவை:
முதலாம் வரிசை, ஒன்பது குலை.
மூன்றாம் வரிசை, பதினாறு.
ஐந்தாம் வரிசை, பார்க்கவே விருப்பமில்லை.

கொத்திய குலையை முழுதாய்த் தின்றாலாவது பரவாயில்லை. குலைக்கு நாலு பழம் குத்திவிட்டு அடுத்ததற்குப் போகின்றன. மிச்சம் எறும்புக்கு.

வாங்க வேண்டியது: தோளுக்குத் தைலம், சீனி, நின்றுபோன மணிக்கூட்டுக்குப் பற்றறி.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பேனை முனை தாளைக் கிழிக்கிறது. வயதினால் அல்ல.

ஆராதனை முடிந்து நேரே வாசிகசாலை. குத்துவிளக்கு. மேசையில் வெள்ளைத்துணி, அதன்மேல் துப்பாக்கி. குழலில் சந்தனம் குங்குமம், குறுக்கே மாலை. அதெல்லாம் போகட்டும், எங்கள் ஊரில் தண்ணீர்த் தாங்கிக்கும் அதுதான் மரியாதை. மாலையை எடுத்ததும் பார்த்தேன். சிலிண்டரின் மேல் உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடு. நாலு மூலையிலும் நாலு திருகாணி.

'அமரர் கதிரித்தம்பி ஞாபகார்த்தமாக, மகன் குலம் குடும்பத்தினர், கனடா.'

எங்களூரில் பெயர் போடாத கொடை இல்லை. வாசிகசாலை மின்விசிறியின் மூன்று இதழிலும் மூன்று பேர். மணிக்கூட்டில் பெயர் மறைத்து ஏழு மணி தெரியாது. ஆனால் அவை எதுவும் காற்றை உள்ளே அடக்கி வேலை செய்கிற சாமான் இல்லையே.

தலைவரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "அண்ணை, ஆர் உதிலை ஓட்டை போட்டது?"

"யாழ்ப்பாணத்திலை கேடயம் செய்யிற கடையிலை குடுத்தனான். வடிவா இருக்கெல்லே?"

"பிடியிலை வைச்சிருக்கலாமே."

"பிடியிலை வைச்சா சுடுற ஆளின்ரை கை மறைக்கும். படத்திலை பேர் விழாது."

நாலு பேச்சு. பிறகு தலைவர் முற்றத்தில் இறங்கி முதல் வெடி. குழலை மடித்தார், நிமிர்த்தினார், வானத்தைப் பார்த்துப் பிடித்தார். புஸ். குண்டு குழல் வாயிலிருந்து வழிந்து அவருடைய வேட்டியில் விழுந்தது. பின்வரிசையில் யாரோ, "சீனவெடி நனைஞ்சு போச்சுப்போலை." எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும்.

"புதுச்சாமான். பழகவேணும்," என்றார்.

படமெடுக்க என்னையும் நடுவில் நிறுத்தினார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரிக்கவில்லை.

ஓகஸ்ட் 11, திங்கள்

மறுபடி சாக்கு, மறுபடி குருநகர். ம.நா. தகட்டைக் கழற்றினார். சிலிண்டரில் நாலு ஓட்டை, வெளிச்சம் தெரிகிறது. உள்ளே இரும்புத்தூள். முதல் வெடியிலேயே திருகாணி முனையும் தூளும் பிஸ்டன் தலையைக் கிழித்துவிட்டன. தூளை விரலில் தொட்டு என் முன்னால் நீட்டினார்.

"முந்தினதை எண்ணெய் விட்டுச் சாகடிச்சனியள். இதைப் பேர் எழுதிச் சாகடிச்சுப்போட்டியள்," என்றார்.

நான் கொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பதினொரு பேரில் நானும் ஒருத்தி.

சிலிண்டர் மாற்ற வேண்டும். கொழும்பிலிருந்து வர ஒரு மாதம். ஒரு மாதத்தில் பந்தலில் காம்புதான் இருக்கும்.

தகட்டை என்னிடமே தந்தார். வீட்டுக்கு வந்து பந்தலுக்குள் விட்டெறிந்தேன். பிறகு காலில் குத்துமென்று பொறுக்கி, வந்த ஆத்திரத்தில் நூல் கட்டி இரண்டாம் வரிசைக் கம்பியில் தூக்கில் போட்டேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

அவசரக் கூட்டம். குலத்துக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டுமாம், செயலாளர்தான் எழுத வேண்டுமாம். தலைவர் வாசகம் சொன்னார்: துவக்கு மிகச் சிறப்பாக இயங்குகிறது.

"நான் பொய் எழுதமாட்டன்."

"குலம் மனம் நோகும், ரீச்சர். பிறகு ஒண்டும் அனுப்பாது."

"அனுப்பினதை ஓட்டை போட்டது நாங்கள்தானே. அதை எழுதிறன்."

தேத்தண்ணி வந்தது.

வீட்டுக்கு வந்து நேற்று ம.நா.விடம் எடுத்த நாலு ஓட்டையின் படத்தைக் குலத்தின் வாட்ஸ்அப்புக்கு நானே அனுப்பினேன். படத்தின் கீழே, நடந்தது முழுக்கக் குரல் பதிவாய். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அழிக்கவில்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்

தம்பி வந்தான். கையில் அளவுநாடா. எவ்வளவு அக்கறை.

"அக்கா, சொன்ன சொல்லு ஞாபகமிருக்கே?"

"வெட்டு முடியேல்லை. நாடாவைச் சுருட்டு."

அவனோடு வரிசை வரிசையாய் நடந்தபோதுதான் கவனித்தேன். இரண்டாம் வரிசையில் மூன்று நாளாக ஒரு கொத்தல்கூட இல்லை. ஒரு பழமும் போகவில்லை. சோளகத்துக்கு அந்தத் தகடு நிலைகொள்ளாமல் சுழன்று, வெயில் பட்டு, கண்ணில் அடிக்கிறது. பக்கத்து வரிசையில் ஏழு கிளி இருந்தன. இங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கோபம் கூடிற்று. துப்பாக்கி செய்யாத வேலையை, துப்பாக்கியைக் கெடுத்த சாமான் செய்கிறது.

ஓகஸ்ட் 15, வெள்ளி

காலை பல் துலக்கும்போது ரொறன்ரோ. குலம். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் எடுத்தேன்.

"ரீச்சர், கேட்டன். படமும் பாத்தன். அந்தத் தகடு இப்ப எங்கை?"

"பந்தலிலை தொங்குது."

"ஏன்?"

"கிளிக்கு."

"வருதோ?"

"அந்த வரிசைக்கு வரேல்லை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்பா இருக்கேக்கையும் அப்பிடித்தான். எங்கடை வளவுக்கை ஒரு காகம் இறங்காது."

உண்மை. ஒரு மாங்காய்க்காக என்னை ஒழுங்கை முடியும்வரை துரத்தியவர் கதிரித்தம்பியர். எனக்கு அப்போது எட்டு வயது. அதைச் சொல்லவில்லை.

"எத்தினை வரிசை இருக்கு, ரீச்சர்?"

"ஏழு."

"அப்ப இன்னும் ஆறு. நான் பேர் அனுப்பிறன். காசும் போடுறன். கெதியா அடிப்பியுங்கோ."

பத்து நிமிடத்தில் பட்டியல் வந்தது. அம்மா, பெரியப்பா, பெரியம்மா, சின்ன மாமா, மாமி. ஐந்துக்கும் முன்னால் 'அமரர்'. ஆறாவது அவருடைய சொந்தப் பெயர், முன்னால் 'திரு'. எழுத்துக் கொஞ்சம் பெரிதாக வேண்டுமாம்.

துப்பாக்கி இனிச் சுடுமா என்று கடைசிவரை கேட்கவில்லை.

மிச்சக் குலைகளை எண்ணினேன். நாலு நாளுக்குள் தகடு தொங்கினால் பாதிக்கு மேல் தேறும். தம்பிக்குச் சொல்லியனுப்பினேன், பந்தல் நிற்கும், அளவுநாடாவோடு வரவேண்டாம்.

நாளை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம், அதே கேடயக் கடை. ஓட்டை எங்கே போடுகிறான் என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன்.